பீரோ சாவி யாரிடம்?

பள்ளிக்கூடப் பதிவேடுகள் இரும்பு பீரோவிலிருந்து கிளவுடுக்குப் போய்விட்டன. நம் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் மதிப்பெண்ணும் இப்போது எங்கே இருக்கின்றன? யார் காவல் காக்கிறார்கள்?

காலை 9.25 மணி. மலையடிவாரத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்விட்டார்கள். நான்காம் வகுப்பு ஆசிரியை மட்டும் இன்னும் உள்ளே போகவில்லை. சத்துணவுக் கூடத்தைத் தாண்டி, புளியமரத்தடியில் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். அந்த ஊரில் சிக்னல் கிடைக்கும் இடங்கள் மூன்றுதான்: பஸ் ஸ்டாப், மாரியம்மன் கோயில் மேடை, இந்தப் புளியமரம். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து மணிக்குள் வருகைப் பதிவு ஏறியாக வேண்டும்.

வகுப்பிலிருந்து ஒரு சிறுமி ஓடி வருகிறாள். "டீச்சர், கணக்கு நோட்டு எடுக்கவா, தமிழ் நோட்டு எடுக்கவா?"

"ஏதாவது ஒண்ணை எடுத்து எழுதிட்டிருங்க பாப்பா, இதோ வந்துடறேன்." கண் திரையை விட்டு நகரவில்லை.

அதே நேரத்தில் தலைமை ஆசிரியை அறையில், வேட்டி துண்டோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் படித்த பள்ளி இது. முதியோர் உதவித்தொகைக்கு வயதைக் காட்ட வேண்டும். தலைமை ஆசிரியை எழுந்துபோய், மூலையில் நிற்கும் பச்சை பீரோவைத் திறக்கிறார். அந்துருண்டை வாசனை. துணி அட்டை போட்ட சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டுகிறார். பத்தே நிமிடத்தில் பெரியவரின் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் நீல மையில் வந்து நிற்கின்றன.

புளியமரத்தடியில் நிற்கும் ஆசிரியை அனுப்பும் பதிவு இந்த பீரோவுக்கு வராது. அது எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது. பீரோவுக்கு ஒரு சாவி உண்டு, அது தலைமை ஆசிரியையிடம் இருக்கிறது. அந்த சர்வருக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், அவருக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

சத்தமில்லாமல் நடந்த இடமாற்றம்

ஒரே நாளில் நடந்ததல்ல இது. 2011ல் இலவச லேப்டாப் வந்தது. 2018ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூ.ஆர். கோடு ஏறியது. செல்போனைக் காட்டினால் காணொளிப் பாடம் ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி, 2023 ஜூலையில் மணற்கேணி செயலி. கல்விக்கு வள்ளுவர் சொன்ன உவமையையே செயலிக்குப் பெயராக வைத்தது மனதுக்கு நிறைவான தேர்வு. அடுத்து, தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு டேப்லெட், நடுநிலைப் பள்ளி தொடங்கி ஹைடெக் லேப்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பொருட்கள். திறப்பு விழா உண்டு, படம் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் நடந்த மாற்றம்தான் பெரியது. அதன் பெயர் எமிஸ், பள்ளிக் கல்வித் துறையின் தகவல் மேலாண்மைத் தளம். ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண். அந்த எண்ணுக்குப் பின்னால் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சாதி, மதம், ரத்த வகை, ஆதார் எண், பெற்றோரின் தொழில், வருமானம், செல்போன் எண். வருகைப் பதிவும் மாற்றுச் சான்றிதழும் இதன் வழியாகத்தான்.

தனியார் பள்ளிகளில் இதே கதை வேறு பெயர்களில் நடக்கிறது. கட்டணம் கட்ட ஒரு செயலி, வீட்டுப்பாடத்துக்கு ஒன்று, பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று பார்க்க இன்னொன்று. ஒவ்வொன்றையும் நடத்துவது ஒரு நிறுவனம். ஒவ்வொன்றிலும் நம் பிள்ளையின் பெயர் இருக்கிறது.

▪ பெட்டிச் செய்தி: கிளவுடு என்பது வானத்தில் இல்லை

தகவலைச் சொந்தக் கணினியில் வைக்காமல், இணையம் வழியாக வேறொருவரின் கணினியில் வாடகைக்கு வைப்பதுதான் கிளவுடு. அந்தக் கணினிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்ட, இரவு பகலாகக் குளிரூட்டப்பட்ட கட்டடங்களே டேட்டா சென்டர்கள். அமேசான் 2006ல் இந்தச் சேமிப்புச் சேவையை விற்கத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட்டின் அசூர் 2015ல் இந்தியாவில் புனே, மும்பை, சென்னை என மூன்று இடங்களில் மையம் திறந்தது. இந்திய அரசு தன் துறைகளுக்காக உருவாக்கிய கிளவுடு திட்டத்தின் பெயர் மேக்ராஜ். கடலுக்கடியில் வரும் இணையக் கேபிள்கள் கரையேறும் முக்கியமான ஊர்களில் சென்னையும் ஒன்று.

வெள்ளத்தில் போனவை

பீரோவே போதும் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நேர்மையாகாது.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். அடையாற்றங்கரையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறியவர்கள் விட்டுவிட்டு வந்தது டிரங்குப் பெட்டியை. அதற்குள்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள். தண்ணீர் வடிந்த பிறகு, தொலைந்த ஆவணங்களுக்கு நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கியபோது, மறுபடியும் அதே காட்சி. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு அந்த ஒரு தாள்தான் சொத்து. இன்று டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழ் இருக்கிறது. எந்த வெள்ளமும் அதைத் தொட முடியாது. இதை ஒரு வரத்துக்குக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னொரு நன்மை, இடைநிற்றலைக் கண்டுபிடிப்பது. முன்பெல்லாம் ஒரு பிள்ளை பள்ளியை விட்டு நின்றால், வேறு ஊரில் சேர்ந்திருக்கிறதா, செங்கல் சூளைக்குப் போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது. இப்போது எமிஸில் ஒரு பொதுத் தொகுப்பு இருக்கிறது. ஒரு பள்ளியிலிருந்து விடுபட்ட பிள்ளையின் எண் அங்கே போய் நிற்கும், அடுத்த பள்ளி எடுக்கும்வரை நிற்கும். எடுக்கப்படாமல் நிற்கும் ஒவ்வொரு எண்ணும், தேடிப் போக வேண்டிய ஒரு பிள்ளை. இந்த வேலையைப் பதிவேட்டால் செய்ய முடியாது.

ஆகவே கேள்வி, கிளவுடு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. வந்துவிட்டது, பயனும் இருக்கிறது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதுதான் கேள்வி.

திறந்து கிடந்த கதவு

திக்ஷா என்பது ஒன்றிய அரசின் கல்வித் தளம், 2017ல் தொடங்கப்பட்டது. ஊரடங்குக் காலத்தில் நாடு முழுக்கக் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு அதுவே வகுப்பறை. 2023 ஜனவரியில் ஒரு செய்தி வெளியானது. திக்ஷாவின் தகவல்கள் வைக்கப்பட்டிருந்த ஒரு கிளவுடு சர்வர், பாதுகாப்பு ஏதும் இல்லாமல் ஓராண்டுக்கும் மேலாகத் திறந்து கிடந்திருக்கிறது. பத்து லட்சத்துக்கும் அதிகமான ஆசிரியர்களின் பெயர், செல்போன் எண், மின்னஞ்சல் அதில் இருந்தன. கிட்டத்தட்ட ஆறு லட்சம் மாணவர்களின் விவரங்களும் இருந்தன. சில கோப்புகள் கூகுள் தேடலிலேயே வந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை, பூட்டே போடப்படவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் கதவு சாத்தப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, மனித உரிமைகள் கண்காணிப்பகம் 49 நாடுகளில் 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் சோதித்து அறிக்கை தந்திருந்தது. அவற்றில் பத்தில் ஒன்பது, பிள்ளைகளின் உரிமையைப் பாதிக்கும் வகையில் தகவல் சேகரித்தன அல்லது சேகரிக்க வழி வைத்திருந்தன. பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளும் திறன் கொண்டவற்றில் திக்ஷாவும் ஒன்று என்றது அந்த அறிக்கை. பாடம் நடத்த இது எதற்கு?

வட அமெரிக்காவில் நடந்தது இன்னும் கனமானது. அங்கே ஆயிரக்கணக்கான பள்ளிகளின் மாணவர் பதிவேடுகளை வைத்திருக்கும் நிறுவனம் பவர்ஸ்கூல். 2024 டிசம்பரில், திருடப்பட்ட ஒரே ஒரு கடவுச்சொல்லை வைத்து அதற்குள் நுழைந்துவிட்டார்கள். கோடிக்கணக்கான மாணவர்களின் விவரங்கள் போயின. நிறுவனம் பணயத்தொகை கட்டியது. தகவலை அழித்துவிட்டோம் என்று திருடர்கள் உறுதி தந்தார்கள். சில மாதங்களில், அதே தகவலைக் காட்டிப் பள்ளி வாரியங்களுக்கே மிரட்டல் வந்தது. இதில் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டவர் 19 வயதுக் கல்லூரி மாணவர்.

இந்தச் சம்பவத்தில் என்னை உறைய வைத்தது ஓர் ஆண்டு: 1985. டொரண்டோ பள்ளி வாரியம், தன்னிடம் 1985 முதல் படித்தவர்களின் விவரங்கள்வரை இதில் சிக்கியிருக்கலாம் என்று அறிவித்தது. அன்று பள்ளிக்குப் போன பிள்ளைக்கு இன்று நாற்பதைத் தாண்டியிருக்கும். ஸ்கார்பரோவில் குடியேறிய எத்தனையோ ஈழத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படித்தது அந்த வாரியத்தின் பள்ளிகளில்தான். பள்ளியை மறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், பள்ளி அவர்களை மறக்கவில்லை. பச்சை பீரோவில் ஒரு பதிவேடு திருடு போனால் ஒரு ஊரின் கதை போகும். இங்கே ஒரு கடவுச்சொல்லில் ஒரு தலைமுறையே போகிறது.

செல்போன் எண் போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாள், கேள்விப்பட்டே இராத கல்லூரியிலிருந்து உங்கள் மகளின் பெயரையும் அவள் எடுத்த குரூப்பையும் சொல்லி அழைப்பு வந்திருக்கிறதா? "உதவித்தொகை வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொல்கிறவரை ஒரு தாய் நம்பிவிடுவார். அந்த நம்பிக்கையைத்தான் திருடுகிறார்கள்.

எல்சினோரில் ஓர் அப்பா

டென்மார்க்கில் எல்சினோர் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே பள்ளியில் பிள்ளைகளுக்குக் குரோம்புக் கணினி கொடுத்து, கூகுள் கணக்கும் தொடங்கித் தந்திருந்தார்கள். 2019ல் ஒரு சிறுவன், தன் பெயரில் யூடியூபில் கருத்து பதிவாகியிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னான். யூடியூப் கணக்கு தொடங்க அந்த அப்பா ஒப்புதல் தந்ததே இல்லை. பள்ளி தந்த கணக்கோடு அதுவும் சேர்ந்தே வந்திருந்தது, பையனின் முழுப் பெயரோடு. அவர் புகார் கொடுத்தார். வருடக்கணக்கில் விடாமல் கேட்டார்.

2022 ஜூலையில் அந்நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம், எல்சினோர் பள்ளிகளில் அந்தக் கணினிகளையும் கூகுள் கல்விச் சேவையையும் பயன்படுத்தத் தடை விதித்தது. பிறகு நிபந்தனைகளோடு தடை நிறுத்தி வைக்கப்பட்டது. வழக்கு அதோடு முடியவில்லை. 2024 ஜனவரியில், 53 நகராட்சிகளுக்கு உத்தரவு போனது: பாடம் நடத்தத் தேவைப்படுவதைத் தாண்டி, நிறுவனம் தன் சேவைகளை மேம்படுத்திக்கொள்வதற்காகப் பிள்ளைகளின் தகவலைத் தர உங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஒரே ஒரு அப்பாவின் புகார் இவ்வளவு தூரம் போனதற்கு இரண்டு காரணங்கள். அவர் விடவில்லை. அவர் புகார் சொல்லப் போக, அதிகாரம் உள்ள ஓர் அலுவலகம் இருந்தது.

இப்படி ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. கூகுள் நிறுவனம் கல்வி நிலையங்களுக்கு அளவில்லாச் சேமிப்பிடம் இலவசம் என்று தந்தது. பல்கலைக்கழகங்கள் சொந்த சர்வர்களை மூடிவிட்டு அங்கே குடியேறின. 2021ல், இனி ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட்தான் என்று அறிவித்துவிட்டது. ஆராய்ச்சித் தரவுகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பெரிய பல்கலைக்கழகங்கள் தவித்தன. 2025 அக்டோபர் 20ந்தேதி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசான் கிளவுடில் ஒரு கோளாறு. கேன்வாஸ் என்ற பாடத்தளம் அதன்மேல் நிற்பதால், பல கல்லூரிகளின் மாணவர்களால் அன்று பாடக்குறிப்பைக்கூடத் திறக்க முடியவில்லை.

டீச்சரின் நேரம்

புளியமரத்தடிக்குத் திரும்புவோம். அங்கே செலவாகிக்கொண்டிருப்பது டேட்டா மட்டுமல்ல.

இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகளில் ஒரே ஒரு ஆசிரியர்தான் என்கிறது ஒன்றிய அரசின் 2024–25 கணக்கு. அப்படிப்பட்ட பள்ளியில் ஆசிரியர் செல்போனோடு வெளியே நின்றால், அந்த நேரத்துக்குப் பள்ளியே இல்லை என்று பொருள். எமிஸ் பதிவு வேலைகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு ஆசிரியர் அமைப்புகள் பல ஆண்டுகளாகப் போராடிவருகின்றன. அரசும் காதில் வாங்கி, ஹைடெக் லேப் உள்ள பள்ளிகளில் பதிவு வேலைக்குத் தனியாகப் பணியாளர்களை அமர்த்தியது. அந்த லேப் இல்லாத தொடக்கப் பள்ளியில்தான் சுமை அதிகம், ஆளும் குறைவு.

2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 27வது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர, கல்வி சாராத எந்தப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக்கூடாது. செயலியில் ரத்த வகையையும் பெற்றோரின் வருமானத்தையும் ஏற்றுவது கல்வி சார்ந்த பணியா? என் பார்வையில் இல்லை. இதை வெறும் சலிப்பு என்று ஒதுக்காமல், சட்டத்தின் கேள்வியாக எடுத்துப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

▪ பெட்டிச் செய்தி: கையில் போன், கண்ணில் எது?

கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும் என்கிறது 2024ம் ஆண்டின் ஏசர் கல்வி நிலை ஆய்வு. அவர்களில், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 சதவீதம். உலக அளவில், கல்வியில் தகவல் தனியுரிமையைச் சட்டமாக்கி உறுதி செய்துள்ள நாடுகள் 16 சதவீதம்தான் என்றது யுனெஸ்கோவின் 2023 அறிக்கை.

படிப்பை மீட்டது யார்?

இவ்வளவு ஆபத்துக்கும் ஈடாகப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா? இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறக்க 2021 நவம்பர் ஆனது. இருபது மாதம் வெறும் திரைதான், அதுவும் திரை இருந்த வீட்டில். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார அறிஞர்கள், தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் பெரிதாகப் பின்தங்கியிருந்தார்கள், கணக்கில் இன்னும் அதிகம். ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பிடித்துவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. மாலையில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பாய் விரித்து, அதே தெருவைச் சேர்ந்த அக்காக்கள் சொல்லிக்கொடுத்த திட்டம் அது. பிள்ளைகளைக் கைப்பிடித்துத் தூக்கிவிட்டவர்கள் திறந்த வகுப்பறையின் ஆசிரியரும் தெருவின் அக்காவும்.

அதற்காகத் தொழில்நுட்பம் உதவாது என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இதே முரளிதரனும் சிங்கும் இன்னொருவரும், டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்து 2019ல் வெளியிட்ட ஆய்வில், நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புக் கணக்குதான் தெரியும் என்றால், அங்கிருந்து தொடங்கும் மென்பொருள் அது. ஆனால் பிள்ளைகளை அதோடு தனியாக விட்டுவிடவில்லை. பாதி நேரம் கணினி, பாதி நேரம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநர். அந்தப் பயிற்றுநரை எடுத்துவிட்டு, மென்பொருளை மட்டும் வாங்கிப் போட்டால் அதே பலன் வருமா என்பதை யோசித்துத்தான் டெண்டர் விட வேண்டும்.

சட்டம் வந்துவிட்டது, ஆனால்…

2023 ஆகஸ்டில் இந்தியாவுக்கு டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் தகவலைக் கையாள, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக்கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது. பிள்ளைகள் விஷயத்தில் தவறினால் 200 கோடி ரூபாய்வரை அபராதம். தகவலுக்குப் போதிய பாதுகாப்பு தராவிட்டால் 250 கோடி ரூபாய்வரை.

படிக்கத் தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பது அறிவிப்பு. அந்த விதிகளிலேயே, கல்விப் பணிக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்கலாம் என்று கல்வி நிலையங்களுக்கு விலக்கு இருக்கிறது. மானியமும் சலுகையும் தரும் அரசுத் துறைக்குத் தனி வழி இருக்கிறது. இலவசச் சீருடையும் உதவித்தொகையும் சலுகை என்று எடுத்துக்கொண்டால், அரசுப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளையின் பெற்றோரிடம் எதற்கெல்லாம் ஒப்புதல் கேட்பார்கள்? தனியார் பள்ளிப் பெற்றோருக்குக் கிடைக்கும் உரிமை, கூலி வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் அதே அளவில் கிடைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிவறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடும் அதே கூட்டத்தில், எந்தெந்தச் செயலியில் பிள்ளைகளின் விவரம் இருக்கிறது, அதை யாரெல்லாம் பார்க்க முடியும், பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகு எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், தவறாக ஏறிய பிறந்த தேதியைத் திருத்த யாரிடம் போக வேண்டும் என்றும் கேட்கலாம்.

நான் போயிருந்த பள்ளியில் அந்த வாரம் மேலாண்மைக் குழுக் கூட்டம். தலைவி நூறு நாள் வேலைக்குப் போகிறவர், மகள் ஏழாம் வகுப்பு. குடிநீர்த் தொட்டி, உடைந்த ஜன்னல் என்று பேசி முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் அவர் கேட்டார்: "பாப்பாவோட ஆதார் நம்பர், நம்ம போன் நம்பர் எல்லாம் வாங்குனீங்களே டீச்சர், அது இப்ப யாருகிட்ட இருக்கு?"

தலைமை ஆசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, உடைந்த ஜன்னலுக்கு அடுத்த எண் போட்டு, அந்தக் கேள்வியை அப்படியே எழுதினார். வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புவதாகச் சொன்னார். குழுவினர் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் கைநாட்டு வைத்தார்கள். மை காய்ந்ததும் புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டினார்.